கழற்றச் சொல்ல முடியாத ஃப்ளெக்ஸ்

அக்கா,

இன்று சாயங்காலம் அம்பாசமுத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. யாரோ ஒரு கல்யாண வீட்டுக்கு அடித்ததைக் காயட்டும் என்று நடைபாதையிலேயே விரித்துப் போட்டிருந்தார்கள். மண்ணெண்ணெயும் புது பெயிண்டும் கலந்த மாதிரி ஒரு வாடை. அது மூக்கில் ஏறியது. விக்கிரமசிங்கபுரம் பஸ் வந்தது, ஆள் ஏறியது, போயும் விட்டது. நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், தலை சுத்துதா? இங்கன உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தேன். வந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. எதற்கு எழுத வேண்டும்? என் வகுப்பு ஜன்னலில் இருந்து கூப்பிட்டால் சமையலறையில் உங்களுக்குக் கேட்கும். எட்டு வருஷம் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் அறிவியல் டீச்சர், சுற்றுச்சூழல் மன்றத்துக்குப் பொறுப்பாசிரியர். நீங்கள் சத்துணவுச் சமையலர். இந்த இரண்டு பதவிகளையும் இப்படி அடுத்தடுத்து எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமையை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் வாழைத்தண்டை இலையில் சுற்றி என் கையில் கொடுத்து, "வீட்டுல போய் வதக்கித் தின்னுங்க டீச்சர், காத்துல ஆடுதீங்க" என்று கிண்டல் பண்ணினீர்கள். மறுநாள் காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே முடிந்துவிட்டது என்றார்கள். நான் அப்போது ஆறாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தேன். சொன்ன ஆளிடம், "எந்தச் சமையலக்கா?" என்று கேட்டேன். நம் பள்ளிக்கூடத்தில் வேறு எந்தச் சமையலக்கா இருந்தார்? நீங்கள் களைந்து வைத்த அரிசி பாத்திரத்தில் அப்படியே இருந்தது. பிள்ளைகளுக்கு மத்தியானம் சோறு போட்டாக வேண்டுமே. உதவியாளர் அம்மா அழுதுகொண்டே அந்த அரிசியைத்தான் உலையில் போட்டார்.

நாம் இரண்டு பேரும் முதன்முதலில் சண்டை போட்டது ஒரு குட்டைக்காக. சமையலறைக்குப் பின்னால் பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற தண்ணீர் தேங்கிக் கிடக்கும். பாசி, கொசு, நாற்றம். நான் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்த வேகத்தில், உறிஞ்சுகுழி ஒன்று வரைந்து, அளவெல்லாம் போட்டுக்கொண்டு வந்து காட்டினேன். நீங்கள் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "குழி தோண்டி நல்ல தண்ணியப் பொதைக்கவா போறீங்க? அங்கன நாலு வாழைய வச்சா அது குடிச்சிட்டுப் போவுது" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதில் சோப்பு இருக்கிறது, வாழைக்கு ஆகாது என்று பாடம் நடத்தினேன். "அப்ப ரெண்டு தொட்டி வைங்க. மொதத் தொட்டில சோப்பு இல்லாம அலசட்டும், அது வாழைக்கு. அடுத்த தொட்டில சோப்புப் போட்டுக் கழுவட்டும், அது உங்க குழிக்கு. படமும் வீணாப் போவாது" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். ஒரு மாதத்தில் குட்டை காய்ந்தது. நாலு கன்றும் போகப் போகப் பக்கக்கன்று விட்டு ஒரு தோப்பாகவே ஆகிவிட்டது.

அடுத்தது மிட்டாய்த் தாள். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் பள்ளிக்கூடம் முழுக்க டாஃபி கொடுப்பார்கள். தாள் வாய்க்கால் வரை பறக்கும். நான் காலைக் கூட்டத்தில் பேசிப் பார்த்தேன், வரையச் சொல்லிப் போட்டி வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. நீங்கள் ஒரு வாரம் பேசாமல் பொறுக்கினீர்கள். சனிக்கிழமை அரிசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குள் போய், அவர் மேஜை மேலேயே கவிழ்த்து, "சார், இது ஒரு வாரத்துப் பிறந்தநாளு" என்றீர்கள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்ததை நினைத்து நான் எத்தனை நாள் சிரித்திருக்கிறேன். அதற்குப் பிறகு பிறந்தநாள் பிள்ளை நம் தோப்பில் பழுத்த தாரில் இருந்து ஆளுக்கொரு பழம் கொடுக்கும் என்று ஆயிற்று. தார் பழுக்கவில்லை என்றால் பிறந்தநாளைத் தள்ளி வைத்தோம். "என்னம்மா, ஒனக்கு இன்னும் பிறந்தநாளு பழுக்கல, வியாழக்கிழமை வா" என்று நீங்கள் சொல்ல, அந்தப் பிள்ளையும் சரி என்று போகும்.

ஃப்ளெக்ஸ் விதியும் உங்களுடையதுதான். நம் ஊரில் காது குத்தினால் ஃப்ளெக்ஸ், சடங்கு வைத்தால் ஃப்ளெக்ஸ், கார் வாங்கினால் ஃப்ளெக்ஸ். எல்லோருக்கும் வாகான இடம் பள்ளிக்கூட வாசல். ஒரு மழைக்கு அதில் ஒன்று கிழிந்துபோய் மடையில் அடைத்துக்கொண்டு, வாய்க்கால் தண்ணீர் நம் சமையலறைக்குள் வந்தது. பருப்பு மூட்டை நனைந்ததைப் பார்த்ததும் உங்களுக்கு வந்த ஆத்திரம் சாதாரணமில்லை. "இனிமே யாரு வச்சாலும் அந்தச் சவத்த அவுத்துச் சுருட்டி, வச்சவன் வீட்டுலயே கொண்டுபோய்ப் போடணும்" என்றீர்கள். மறுவாரமே ஒரு அண்ணாச்சி தன் பேரனுக்குக் காதுகுத்து என்று வேப்பமரத்தில் ஆணி அடித்துத் தன் படத்தை ஏற்றினார். நீங்கள் மன்றத்துப் பிள்ளைகளோடு அதை அவர் வீட்டுக்கே கொண்டுபோனீர்கள். நானும் பயந்துகொண்டே பின்னால் வந்தேன்.

"என்ன இது, எம் மூஞ்சிய ரோட்டு வழியா இழுத்துட்டு வாரீங்க, நல்லாருக்கா?" என்றார்.

"பையச் சுருட்டித்தான் கொண்டாந்தோம் அண்ணாச்சி, மூஞ்சி கசங்கல. ஆணி எட்டும் இந்தா இருக்கு, எண்ணிக்கிடுங்க" என்று அவர் கையில் கொடுத்தீர்கள்.

அந்த மனுஷன் என்ன சொல்வது என்று தெரியாமல் உள்ளே திரும்பி, "ஏலே, டீச்சருக்கு மோரு கொண்டா" என்றார். அதன் பிறகு நம் வாசலில் யாரும் எதையும் கட்டவில்லை.

இதையெல்லாம் வைத்துத்தான் நமக்குச் சுற்றுச்சூழல் பணிக்கான மாவட்டக் கேடயம் வந்தது. அறிக்கை எழுதியது நான். மேடை ஏறியது நான். பள்ளிக்கூடத்தில் எடுத்த படத்தில் நான் கேடயத்தோடு முன்னால் நிற்கிறேன், நீங்கள் ஓரத்தில் நிற்கிறீர்கள்.

இப்போது நீங்கள் போன மறுநாளுக்கு, அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். முந்தின நாள் உங்கள் வீட்டு வாசலில் அழுதுகொண்டிருந்தபோது இரண்டு பையன்கள், உங்கள் மகனின் கூட்டாளிகள், என்னிடம் வந்து ஏதோ கேட்டார்கள். "ஸ்கூல் வாசல்லயும் ஒண்ணு வச்சிருவோமா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார்கள். வைங்கப்பா என்று தலையாட்டியிருக்கிறேன். பூவோ மாலையோ என்று நினைத்தேனா, எதுவும் நினைக்கவில்லையா, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் இரண்டு தூணையும் இழுத்துக் கட்டி, ஆள் உயரத்துக்கு மேலே நீங்கள். கண்ணீர் அஞ்சலி என்று சிவப்பில். அதற்குக் கீழே உங்கள் பெயர், ஒரு முழ நீளத்துக்கு. அந்தக் கேடயப் படத்தில் இருந்துதான் உங்களை வெட்டி எடுத்திருந்தார்கள். உங்கள் தோளுக்குப் பக்கத்தில் பச்சைச் சேலையில் ஒரு துண்டு வெட்டுப்படாமல் நின்றது. அது என் சேலை.

பிள்ளைகள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார்கள். மன்றத்துத் தலைவி எட்டாம் வகுப்பு இசக்கியம்மாள் என்னிடம் வந்தாள். அழுது அவள் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"டீச்சர், அவுக்கணுமா வேண்டாமா?"

நான் தூணில் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவுத்தா யாரு வீட்டுல கொண்டுபோய்க் குடுக்க டீச்சர்? அக்கா வீட்டுலயா?"

அந்தப் பிள்ளை குத்திக்காட்டிக் கேட்கவில்லை. விதி அப்படி, அதனால் கேட்டாள். உள்ளே போங்க, அப்புறம் சொல்கிறேன் என்று எல்லோரையும் விரட்டிவிட்டு, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

தலைமையாசிரியருக்கு வேறு கவலை. வெள்ளிக்கிழமை ஒரு குழு நம் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் நம் பள்ளியை முன்மாதிரிப் பள்ளியாக எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களை எல்லாம் இங்கே வந்து பார்க்கச் சொல்வார்கள். தொட்டியும் தோப்பும் நாலு ஊருக்குப் போகும். உங்களுக்கும் அதில்தான் ஆசை இருந்தது. "களக்காட்டுப் பக்கம் பள்ளிக்கூடத்துல எல்லாம் வாழைக்கென்ன பஞ்சம்? அங்கன போய்ச் சொல்லணும் டீச்சர்" என்பீர்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "வாசல்ல ஃப்ளெக்ஸ வச்சிக்கிட்டு எந்த மூஞ்சியோட அவங்களக் கூப்பிடுதது? நீங்கதான் அந்த வீட்டுல பழகினவங்க, பையப் பேசிக் கழட்டச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகன் பேச்சிமுத்து கோயம்புத்தூர் லேத் பட்டறையில் இருந்து வந்தவன், அதே சட்டையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். துஷ்டி கேட்க வந்தவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். நான் முடிக்கும் முன்பே அவன் தலையாட்டினான்.

"கழட்டிருதேன் டீச்சர். பயலுவ கேட்டானுவ, வைங்கலேன்னுட்டேன். மறுநாள்தான் ஒறைச்சுது. அம்மா இருந்தா என்னைச் செருப்பாலயே அடிச்சிருப்பா."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. எழுந்திருக்கப் போனேன்.

"ஆனா ஒண்ணு டீச்சர். அம்மா பேரு போட்ட அந்தக் கவர்மெண்ட்டுப் பேப்பரு இருக்குல்லா, அதுல ஒரு காப்பி தாங்க. ஃப்ரேம் போட்டு அங்கன மாட்டிருவோம். பேரு இருந்துட்டா போதும், படம் எதுக்கு?"

"எந்தப் பேப்பர்?" என்றேன்.

"கேடயத்துக்கு நீங்க இங்கிலீஷ்ல எழுதினதாம்லா. அதுல அம்மா பேரு ரெண்டு எடத்துல வருதாம். அன்னைக்குப் போன் போட்டு அரை மணி நேரம் அதையேதான் சொன்னா. 'எங்கப்பா மில்லுல முப்பது வருஷம் கெடந்தும் ஒரு பேப்பர்லயும் பேரு வரல, எனக்கு வந்துட்டு பாத்தியாலே'ன்னு சிரிச்சா."

அக்கா, அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

உங்களுக்கு நினைவிருக்கும். அறிக்கையை அனுப்புவதற்கு முந்தின நாள், மத்தியானம் பாத்திரமெல்லாம் கழுவி முடித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள். "வாசிச்சுக் காட்டுங்க டீச்சர், நம்ம வாழை இங்கிலீஷ்ல எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றீர்கள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் சிரித்துக்கொண்டே, "எம் பேரும் வருதா, இல்ல வாழை மட்டுந்தானா?" என்று கேட்டீர்கள். நான் கண் இமைக்கவில்லை. "சத்துணவுச் சமையலர் திருமதி" என்று ஆரம்பித்து உங்கள் பெயரைச் சொல்லி, அவருடைய யோசனைப்படி இரண்டு தொட்டிகள் கட்டப்பட்டன என்று வாசித்தேன். அடுத்த பக்கத்தில் இன்னொரு முறையும் வாசித்தேன். தாளில் இருந்ததெல்லாம், பொறுப்பாசிரியரின் முயற்சியால் என்பது மட்டும்தான். நீங்கள் தாளை வாங்கி, எந்த இடத்தில் என்று கேட்டீர்கள். நான் ஒரு வரியில் விரலை வைத்தேன். நீங்களும் அதன் மேல் விரலை வைத்துத் தடவினீர்கள். அது வாழைக்கன்றுகளின் எண்ணிக்கை எழுதியிருந்த வரி.

படிவத்தில் சமையலர் பெயருக்குக் கட்டம் இல்லை என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். கட்டம் இல்லாத எத்தனையோ சங்கதிகளைப் பின்தாளில் சேர்த்து எழுதியவள் நான். மேடையில் ஒருத்தியாக ஏறி வாங்க ஆசைப்பட்டேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

பேச்சிமுத்துவிடம் அந்த நேரத்தில் இன்னொரு பொய்யைச் சொல்லியிருக்க முடியும். தேடித் தருகிறேன் என்று சொல்லி, புதிதாக ஒன்றை அடித்துக்கூடக் கொடுத்திருக்கலாம். அந்த யோசனையும் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். விரல் வைத்ததையும் சொன்னேன்.

"அப்ப அந்த ஃப்ளெக்ஸு அங்கனயே கெடக்கட்டும் டீச்சர்" என்றான். "எங்கயாவது ஒரு எடத்துல அவ பேரு கெடக்கட்டும்."

வெள்ளிக்கிழமை குழு வந்தது. அதன் தலைவியாக வந்த அம்மா காரை விட்டு இறங்கியதுமே ஃப்ளெக்ஸைத்தான் பார்த்தார். "ஃப்ளெக்ஸ் இல்லாத பள்ளின்னு எழுதியிருக்கீங்க, வாசல்லயே இருக்கே" என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். பிள்ளைகளும் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "இதில் இருப்பவர்தான் அந்த விதியைப் போட்டவர், மேடம். தொட்டி, தோப்பு, பிறந்தநாள் பழம் எல்லாம் இவர் யோசனை. போன அறிக்கையில் இவர் பெயரை விட்டுவிட்டு என் பெயரைப் போட்டுக்கொண்டேன். அதனால் இதைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் இல்லை." அந்த அம்மா நிமிர்ந்து ஃப்ளெக்ஸை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு தோப்பைக் காட்டுங்கள் என்றார். சுற்றிப் பார்த்தார், ஒரு பழமும் சாப்பிட்டார், குறித்துக்கொண்டு போனார். நம்மை முன்மாதிரிப் பள்ளியாக எடுக்கவில்லை. களக்காட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. தலைமையாசிரியர் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். எனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்த ஒருத்தியிடம் நான் இதைச் செய்திருக்கிறேன் என்கிற அதிர்ச்சியே விடவில்லை. இன்னும் விடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து அறிக்கையை முதலில் இருந்து எழுதினேன். தமிழில். பின்தாளையும் சேர்த்து ஆறு தாள். தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கி, மேலே அனுப்ப ஒன்றும் பேச்சிமுத்துவுக்கு ஒன்றுமாக வைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் அவனே பள்ளிக்கூடத்துக்கு வந்தான். மொட்டைத் தலையில் துண்டைப் போட்டிருந்தான். யாரையும் கேட்காமல் தூணில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தான். இசக்கியம்மாளும் மற்ற பிள்ளைகளும் ஓடிப்போய்க் கீழ்ப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டார்கள். தரையில் படாமல் சுருட்டினார்கள்.

"அம்மாவுக்குப் பிடிக்காது, அதுக்காகத்தான் கழட்டுதேன். உங்களுக்காக இல்ல டீச்சர்" என்றான்.

நான் தாள்களை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"நீங்களே வாசிங்க. அம்மாவுக்கு வாசிச்சீங்கள்லா, அதே மாதிரி வாசிங்க."

வாசலில் நின்று, பிள்ளைகள் எல்லோரும் கேட்க, வாசித்தேன். சத்துணவுச் சமையலர் திருமதி என்று வந்து, உங்கள் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தேன். பெயரைச் சொல்லிவிட்டு மேலே வாசித்தேன். ஆறு தாளையும் வாசித்து முடிக்கும்வரை அவன் அசையவில்லை. பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்களா அவகிட்ட?"

"கிட்டத்தட்ட இதேதான் தம்பி."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கோபமாகவும் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"அப்ப அன்னைக்கே வாயில வந்துருக்கு. எழுதியிருக்கலாம்லா டீச்சர்?"

எழுதியிருக்கலாம், அக்கா. ஒரே ஒரு வரி. பேனா என் கையில்தான் இருந்தது.